கெஸ்ட் ஹவுஸுக்கும் அம்மாட வீட்டுக்கும் இன்டர்நெட் போன் போடுறது பற்றி (ரிங்கோ ஆக்கள் சொல்லுங்கோ)

அலைகரை

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில எட்டு ரூமோட கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறம், நான், இவர், ரிசப்ஷனுக்கு ஒரு பொடியன், அவ்வளவுதான் ஆக்கள். சித்திரை தொடங்கி புரட்டாசி மட்டும் சீசன், அந்த நேரம் போன் அடிச்சபடிதான் இருக்கும், புறாமலைக்கு போட் எத்தனை மணிக்கு, ரூம் இருக்கா, ஏ.சி இருக்கா எண்டு. எங்களிட்ட இருக்கிறது ஃபைபர் கனெக்ஷனோட தந்த 026 நம்பர் ஒண்டு, அதுல ஒரு கோட்லெஸ். பிறகு எங்கட ரெண்டு மொபைல். பொடியன் ஒரு ஆளோட கதைச்சுக்கொண்டு நிண்டா அடுத்த ஆளுக்கு பிஸி டோன் போகும், அவர் என்ன காத்துக்கொண்டா இருப்பார், பக்கத்து இடத்துக்கு எடுத்துடுவார். நான் டவுனுக்கு சாமான் வாங்கப் போயிட்டா 026க்கு வாற கோல் எனக்குத் தெரியாது.

அண்ணா ரொறன்ரோவில, அவர் ஒவ்வொரு முறையும் இன்டர்நெட் போன் சிஸ்டம் போடு போடு எண்டு நிக்கிறார். அதோட அம்மா உவர்மலையில தனிய இருக்கிறா, அவவுக்கும் ஒண்டு போட்டுட்டா தான் அங்கயிருந்து செலவில்லாம கதைக்கலாம் எண்டுறார். அம்மாக்கு ஸ்மார்ட் போன் சரிவராது, வட்ஸ்அப் கோல் வந்தா எந்தப் பக்கம் இழுக்கிறது எண்டு தடுமாறி கட் பண்ணிப் போடுவா, காதில வைச்சுக் கதைக்கிற பழைய போன்தான் பழக்கம்.

எனக்கு விளங்காதது என்னெண்டா இதுக்கு புது நம்பர் எடுக்கோணுமா, இருக்கிற 026ஐயே மாத்தலாமா, ரூம் ரூமா போன் வைக்கோணுமா, கரண்ட் போனா என்ன செய்யிறது, வைஃபையில கெஸ்ட் எல்லாரும் படம் பாக்கேக்க குரல் விட்டு விட்டு வருமா. ஆரும் செய்து பாத்த ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.


வயர்மேன்_ரிங்கோ

அக்கா, முதல்ல ஒரு விசயம், நீங்க இப்பவே இன்டர்நெட் போன்தான் பாவிக்கிறீங்க. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால பாருங்கோ, லேன் வயர் கொழுவுற ஓட்டைகளுக்குப் பக்கத்தில அதை விட ஒடுக்கமா ஒரு ஓட்டை, போன் எண்டு எழுதியிருக்கும் இல்லாட்டி ரிசீவர் படம் போட்டிருக்கும். உங்கட கோட்லெஸ்ஸிட வயர் அதுக்குள்ளதான் போகுது. அந்தப் பெட்டிதான் குரலை டேட்டாவா மாத்தி கொம்பனி சேர்வருக்கு அனுப்புது. முந்தி செப்பு வயர் இருந்த காலத்தில எக்ஸ்சேஞ்சில இருந்தே 48 வோல்ட் வயரோட வந்தது, ஊர் இருட்டானாலும் போன் வேலை செய்யும். இப்ப பெட்டிக்கு கரண்ட் இல்லையெண்டா 026 செத்துப் போச்சு. அதால நீங்க கேக்க வேண்டியது இன்டர்நெட் போன் போடலாமா எண்டு இல்ல, இருக்கிற ஒரு லைனை எப்பிடி நாலு பேர் எடுக்கிற மாதிரி ஆக்கிறது எண்டுதான்.

அதுக்கு ரெண்டு வழி இருக்கு. முதலாவது கொம்பனியிட்டயே பிஸ்னஸ் லைனா, அதாவது சிப் (SIP, இன்டர்நெட்டில கோலை இணைக்கிற முறை) ட்ரங்க் எண்டு கேட்டு எடுக்கிறது. ஒரே நம்பருக்கு ஒரே நேரத்தில நாலு அஞ்சு கோல் வரலாம், எத்தனை எண்டது நீங்க எடுக்கிற பேக்கேஜில இருக்கு. பிஸி டோன் பிரச்சினை முடியிறது இதுல மட்டும்தான். ரெண்டாவது, இருக்கிற லைனை அப்பிடியே வைச்சுக்கொண்டு, அந்த போன் ஓட்டையில இருந்து வயரை எடுத்து எஃப்.எக்ஸ்.ஓ போர்ட், அதாவது வெளி லைனைக் கொழுவுற ஓட்டை, இருக்கிற சின்னப் பெட்டிக்கு குடுக்கிறது, கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.ரி 813 மாதிரி. அது கோலை எடுத்து உங்கட பி.பி.எக்ஸுக்கு, அதாவது கோலை போன்களுக்குப் பிரிச்சு விடுற உங்கட சொந்த எக்ஸ்சேஞ்சுக்கு, குடுக்கும், அங்கயிருந்து ரிசப்ஷன் போன், உங்கட மொபைலில இருக்கிற சொஃப்ட்போன் அப், இவற்ற மொபைல், எல்லாம் ஒண்டா அடிக்கும். நீங்க டவுனில நிண்டாலும் டேட்டா இருந்தா எடுக்கலாம். ஆனா லைன் ஒண்டுதானே, ஒரு கோல் போய்க்கொண்டு இருந்தா மற்றவனுக்கு பிஸிதான்.

எஃப்.எக்ஸ்.ஓ போடுறதா இருந்தா ஒரு கரச்சல் சொல்லுறன். எதிர்ப்பக்கம் ஆள் போனை வைச்சது இந்தப் பெட்டிக்கு தானா விளங்காது, வைச்ச பிறகு வாற டூட் டூட் சத்தத்தைக் கேட்டுத்தான் விளங்கோணும். அந்தச் சத்தத்திட ஃப்ரீக்வன்ஸியும் இடைவெளியும் எங்கட நாட்டு லைனுக்குத் தக்கன செட் பண்ணாட்டி கோல் முடிஞ்சும் லைன் பிடிச்சபடி கிடக்கும், அடுத்து எடுக்கிற எல்லாருக்கும் பிஸி. போடுற ஆள் போகமுதல் மொபைலில இருந்து எடுத்து, பதில் சொல்லி, மொபைலைக் கட் பண்ணி, லைன் விடுபடுதா எண்டு கண்ணுக்கு முன்னால செய்து காட்டச் சொல்லுங்கோ.

ரூமுக்கு ரூம் போன் வேண்டவே வேண்டாம். உங்களிட்ட வாற ஆக்கள் தேத்தண்ணி வேணுமெண்டா ஒண்டில் வட்ஸ்அப் பண்ணுவினம் இல்லாட்டி வெளியில வந்து கூப்பிடுவினம். எட்டு ஐ.பி போன், எட்டு வயர், கடல் காத்துக்கு எட்டும் துருப்பிடிக்கும்.


மணல்காடு

இவ்வளவும் எதுக்கு? வட்ஸ்அப் ஒண்டு போதும். இந்தக் காலத்தில ஆர் லேண்ட்லைனுக்கு எடுக்கிறது.


வயர்மேன்_ரிங்கோ

மச்சான் 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் அரசாங்கம் நிப்பாட்டினது மறந்துட்டீரா. 2018 பங்குனியிலயும் 2022 சித்திரையிலயும் அதே கதைதான். சாதாரண போன் லைன் அந்த நேரமெல்லாம் வேலை செய்தது. அதோட கொழும்பில இருந்து குடும்பமா வாற ஐயாமார், அரச திணைக்களத்து புக்கிங், ட்ராவல் ஏஜென்சி எல்லாம் இப்பவும் 026 பாத்துத்தான் எடுக்கினம், லேண்ட்லைன் இருந்தா இடம் உண்மையா இருக்கு எண்டு ஒரு நம்பிக்கை. வட்ஸ்அப் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, அதை மட்டும் நம்பி பிஸ்னஸ் வைக்கக்கூடாது எண்டுதான்.


தம்பலகாமத்தான்

நான் கொழும்பில ஒரு கோல் சென்டரிட நெட்வேர்க் பாக்கிறன், கெஸ்ட் எல்லாம் படம் பாக்கேக்க குரல் விட்டு விட்டு வருமா எண்டு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுறன் அக்கா, மற்றதை அண்ணன் வடிவா சொல்லிட்டார்.

ஒரு கோலுக்கு உண்மையில சின்ன இடம்தான் வேணும். சாதாரண ஜி.711 கோடெக்கில (கோடெக் எண்டது குரலை டேட்டாவா மாத்திற முறை) குரல் செக்கனுக்கு 64 கிலோபிட், அதை 20 மில்லிசெக்கன் துண்டுகளா வெட்டி செக்கனுக்கு 50 பாக்கெட்டா அனுப்புது, ஒவ்வொரு பாக்கெட்டிலயும் விலாசம் மாதிரி 40 பைட் ஹெடர் ஏறுது, அதோட 80 கிலோபிட், லேனில பாத்தா 87 கிட்ட வரும். போறதுக்கு அவ்வளவு, வாறதுக்கு அவ்வளவு. பத்துப் பேர் ஒண்டா கதைச்சாலும் ஒரு மெகாபிட் முழுசா வராது. மொபைல் டேட்டாவில கதைச்சா ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு பக்கமும் சேத்து 70 எம்.பி சொச்சம் போகும், ஜி.729 போட்டா அதில பாதியும் போகாது ஆனா குரல் கொஞ்சம் தகரமா இருக்கும். ஓபஸ் எண்ட கோடெக் ரெண்டு பக்கமும் இருந்தா அதைப் போடுங்கோ, அது 2012ல வந்தது, மொபைல் டேட்டா ஆடினாலும் நிண்டு பிடிக்கும்.

அப்ப குரல் ஏன் வெட்டுப்படுது எண்டா, படம் பாக்கிறதால குறைவு, அது டவுன்லோட். பிரச்சினை அப்லோட். புறாமலையில பவளப்பாறை பாத்திட்டு வாறவன் பின்னேரம் வைஃபை பிடிச்ச உடன கேமராவில எடுத்த வீடியோ முழுக்க கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். அப்லோட் பாதை நிரம்பினா ரவுட்டர் பாக்கெட்டை வரிசையில நிப்பாட்டி வைக்குது, பஸ்ஸுக்கு முன்னால லொறி நிரை நிக்கிற மாதிரி உங்கட குரல் பின்னால கிடக்கும். நீங்க கதைக்கிறது எதிர்ப்பக்கத்துக்கு கிணத்துக்குள்ள இருந்து கேக்கும், அவர் கதைக்கிறது உங்களுக்கு தெளிவா கேக்கும். இந்த அடையாளம் வந்தா அப்லோட்தான் எண்டு முடிவெடுக்கலாம். கெஸ்டுக்கு தனி வைஃபை பேர் குடுத்து அதிட அப்லோட் வேகத்துக்கு கட்டுப்பாடு போடுங்கோ, போனுக்கு ரவுட்டரில முன்னுரிமை, அதான் கியூ.ஓ.எஸ், அதைக் குடுங்கோ. ரிசப்ஷன் போனை வைஃபையில விடாம வயரில கொழுவுங்கோ. ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்குள்ள இருந்தா ஆக்களுக்கு தாமதம் தெரியாது எண்டு ஐ.ரி.யூ எண்ட சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பிட ஜி.114 பரிந்துரையிலயே இருக்கு, அதுக்கு மேல போனா ஒருத்தரை ஒருத்தர் முட்டி முட்டி கதைப்பீங்க.

இன்னொண்டு, கோல் வரும், எடுப்பீங்க, உங்களுக்கு கேக்கும் அவருக்கு கேக்காது, இல்லாட்டி சரியா அரை நிமிசத்தில கட் ஆகும். ஆக்கள் உடன போன் பழுது எண்டு மாத்தப் போவினம். முக்கால்வாசி நேரம் ரவுட்டருக்குள்ள சிப் ஏ.எல்.ஜி எண்டு ஒரு செட்டிங் ஓனில இருக்கும், உதவி செய்யிறன் எண்டு சொல்லி பாக்கெட்டுக்குள்ள கை வைச்சு குழப்பிறது அதுதான். ஓஃப் பண்ணிட்டு போனை திருப்பி ரெஜிஸ்டர் பண்ண விடுங்கோ. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஃபைபர் இல்லாத இடத்தில சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது கூட, ஏனெண்டா கொம்பனி ஒரே ஐ.பி விலாசத்தை கனபேருக்கு பங்குபோட்டுக் குடுக்குது, வெளியில இருந்து உங்கட பி.பி.எக்ஸை நேர தேடி வர ஏலாது. அப்பிடியான ஆக்கள் பி.பி.எக்ஸை வீட்டில வைக்காம கிளவுடில எடுக்கிறதுதான் நல்லம்.


கிண்ணியா_ஹார்ட்வெயார்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. நம்மட ஆக்கள் நல்லா சொல்லியிரிக்காங்க, நான் யாவாரப் பக்கம் ரெண்டு கதை சொல்றன். கடை கிண்ணியாவில, ஸ்டோர் சீனன்குடா பக்கம். முந்தி ஒரு ஆள் வந்து இன்ன கம்பி இரிக்கா எண்டு கேட்டா கவுண்டர்ல நிக்கிற புள்ள மொபைல்ல ஸ்டோருக்கு எடுக்கணும், அவன் எடுக்க மாட்டான், லொறிக்கு சாமான் ஏத்திட்டு நிப்பான். இப்ப ரெண்டு எடத்திலயும் ஃபைபர், ரெண்டுக்கும் நடுவில எக்ஸ்டென்ஷன், கவுண்டர்ல இரிந்து மூணு நம்பர அழுத்தினா ஸ்டோர்ல சுவர்ல இரிக்கிற போன் பெரிய மணியோட அடிக்கும், வந்த கோல அப்படியே அங்க மாத்தி உடலாம். இதுக்கு ஒரு சதம் கோல் காசு இல்ல. சிஸ்டம் ஆஸ்ட்ரிஸ்க், சும்மா கெடந்த பழைய கம்ப்யூட்டர்ல போட்டது. அது இலவசம் தங்கச்சி, 1999ல மார்க் ஸ்பென்சர் எண்ட அமெரிக்கப் பொடியன் தன்ட சின்னக் கொம்பனிக்கு போன் சிஸ்டம் வாங்க காசு காணாம தானே எழுதின சொஃப்ட்வெயார், இண்டைக்கு ஒலகம் முழுக்க ஓடுது.

நான் கட்டாயம் சொல்லணும் எண்டு வந்தது கள்ளன் பத்தி. சிப்புக்கு போர்ட், அதாவது உள்ளுக்கு வாற வாசல், 5060 எண்டு ஒலகத்துக்கே தெரியும். அத இன்டர்நெட்டுக்கு தொறந்து வெச்சா ஒரு ராவு காணும். நம்மட சிஸ்டத்த கட்டின மகன், ஆர் ஆர் உள்ளுக்கு வரப் பாத்தது எண்டு சிஸ்டம் பதிஞ்சி வெச்சிரிக்கிறத்த தொறந்து காட்டினான், விடிய விடிய ஆரோ 100, 101, 102, 1000, 1001 எண்டு எக்ஸ்டென்ஷன் நம்பர மாத்தி மாத்தி போட்டு பாஸ்வேர்ட் தேடுறான், பேர் வேற ஃப்ரெண்ட்லி ஸ்கேனர் எண்டு கெடக்கு, நல்ல சிநேகிதந்தான். உள்ளுக்கு பூந்தான் எண்டா வெள்ளிக்கிழமை ராவில தொடங்கி திங்கள் காலம வரைக்கும் நீங்க கேள்விப்படாத நாடுகளுக்கு கூடின ரேட் நம்பரா பாத்து கோல் போடுவான், பில் உங்கட தலையில. அதுனால எக்ஸ்டென்ஷன் நம்பரையே பாஸ்வேர்டா வைக்கிறத்த உடுங்க, வெளிநாட்டுக் கோல் தேவையில்லாட்டி கொம்பனிக்கு சொல்லி ஐ.டி.டிய பூட்டி வைங்க, 5060 ஒங்கட கொம்பனி ஐ.பிக்கு மட்டும் தொறக்கட்டும். வெளிய நிண்டு எடுக்கணும் எண்டா வி.பி.என், அதாவது பூட்டுப் போட்ட தனிப் பாதை, போட்டு உள்ளுக்கு வாங்க.

கரண்ட் கதை. 2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப் ஸ்டேஷன்ல குரங்கு பாஞ்சி நாடு முழுக்க கரண்ட் போன நாள் ஞாபகம் இரிக்கும். 12 வோல்ட் மினி யூ.பி.எஸ் ஒண்டு ஃபைபர் பெட்டிக்கு வெச்சா நாலஞ்சி மணித்தியாலம் இழுக்கும், வாங்க முந்தி பெட்டிட அடாப்டர்ல எத்தின வோல்ட் எத்தின அம்பியர் எண்டு பாத்து வாங்குங்க. பெட்டிக்கு மட்டும் வெச்சிட்டு பி.பி.எக்ஸுக்கும் கோட்லெஸ் பேஸுக்கும் வைக்காட்டி பிரயோசனமில்ல, பாதி ஆக்கள் இதத்தான் மறக்கிற. ஒங்கட எடம் கடக்கரை வேற, லேன் சொக்கெட்டுக்குள்ள பச்சையா பூக்கும், வருசத்துக்கொருக்கா கழட்டி தொடைச்சி வைங்க.


குளிர்நாட்டான்

நான் லிங்கநகர், இப்ப ரொறன்ரோவில. உங்கட அண்ணா சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது அக்கா, இங்க இருக்கிற நாங்கள் எல்லாம் ஸ்கைப்பை 2025 வைகாசி 5ஓட மூடினாப் பிறகு இதைத்தான் யோசிச்சுக்கொண்டு திரியிறம். ஸ்கைப்பில கிரெடிட் போட்டு நேர 026க்கு எடுத்த ஆக்கள் கனபேர், அம்மாமாருக்கு ஒண்டும் பழக்கத் தேவையில்ல, மணி அடிக்க எடுத்தாச் சரி. அதுக்கு முதல் தமிழ்க் கடையில ரெலிபோன் கார்ட் வாங்கி சுரண்டி நம்பர் அடிச்ச காலம், அதில கனக்க கார்டுகளுக்குப் பின்னால ஓடினதும் இந்த இன்டர்நெட் போன்தான், அதான் ஒருநாள் தெளிவா கேக்கும் ஒருநாள் வானொலி மாதிரி இரையும்.

அம்மாக்கு வேண்டியது ஏ.ரி.ஏ எண்ட சின்னப் பெட்டி, எச்.ரி 801 மாதிரி ஒண்டு. ஒரு பக்கம் ரவுட்டருக்கு, மற்றப் பக்கம் அவவிட பழைய போன். அண்ணா இங்க ஒரு சிப் சேவையில கணக்கு திறந்து ரெண்டு எக்ஸ்டென்ஷன் செய்தா, ஒண்டு அவற்ற மொபைல் அப்புக்கு, மற்றது அம்மாட பெட்டிக்கு. எக்ஸ்டென்ஷனுக்குள்ள கதைக்க நிமிசக் காசு அனேகமா எடுக்கிறேல்ல, நம்பர் கூடத் தேவையில்ல. மாமா மாமிமாரும் அம்மாக்கு எடுக்கோணும் எண்டா மட்டும் ஒரு 647 நம்பர் மாசக் காசுக்கு வாங்கி அதே பெட்டிக்கு விடலாம், அவையளுக்கு லோக்கல் கோல். 

அந்தப் பெட்டியில ஒரு நல்ல செட்டிங் இருக்கு, ஓஃப்ஹூக் ஓட்டோ டயல். அம்மா ரிசீவரை தூக்கி ஒரு நம்பரும் அடிக்காம அஞ்சு செக்கன் வைச்சிருந்தா தானா அண்ணாக்கு அடிக்கும். தாமதத்தை சைபரா விடாதீங்க, விட்டா வேற ஆருக்கும் எடுக்க ஏலாமல் போகும். ராவில இங்க ஆரும் எடுத்து உங்கட அம்மாவை எழுப்பாம இருக்க, ரிங்கோ நேரம் பத்து மணிக்குப் பிறகு வொய்ஸ்மெயிலுக்கு போற மாதிரி சேவைப் பக்கத்தில போடலாம், அண்ணாட நம்பரை மட்டும் விதிவிலக்கா விட்டுட்டு.

ஆனா தயவுசெய்து அம்மாட வீட்டில இருக்கிற லோக்கல் லைனை வெட்டிப் போடாதீங்க. கனடா நம்பரில இருந்து 119 அடிச்சா பொலிஸ் வராது, 1990 அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வராது, 911 அடிச்சா இங்க இருக்கிற ஒபரேட்டர் எடுத்து ரொறன்ரோ விலாசம் கேப்பார். அவசரத்துக்கு லோக்கல் போன் தனியா, நிறம் வேறயா, அடிக்க வேண்டிய நம்பர் பெரிய எழுத்தில ஒட்டி வைச்சிருக்கோணும்.

இன்னொரு விசயமும் கவனம். இங்கயிருந்து சிலபேர் ஊரில சொந்தக்காரரிட்ட, உங்கட வீட்டில ஒரு பெட்டி வைச்சு சிம் போட்டு விடுறம், மாசம் மாசம் காசு தாறம் எண்டு கேப்பினம். அது வெளிநாட்டுக் கோலை களவா லோக்கல் கோலாக்கி விடுற சிம் பொக்ஸ். 1991ம் ஆண்டு 25ம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்தில அனுமதிப்பத்திரம் இல்லாம அந்த வேலை செய்யிறது குற்றம், பெட்டி இருக்கிற வீட்டுக்காரர்தான் முதல்ல மாட்டுறது. அம்மா அண்ணாவோட கதைக்கிறது வேற, இது வேற.


அலைகரை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வடிவா சொல்லுவீங்க எண்டு எதிர்பாக்கேல்ல. பெட்டிக்குப் பின்னால போய்ப் பாத்தன், வயர்மேன் தம்பி சொன்ன மாதிரியே ஒடுக்கமா ஓட்டை ரெண்டு இருக்கு, ஒண்டு சும்மா கிடக்கு. இவரோட கதைச்சு சிப் ட்ரங்க்தான் எண்டு முடிவு, பிஸி டோன் போறதுதான் எங்களுக்கு நட்டம். ரூமுக்குள்ள போன் இல்ல, கதவுக்குப் பின்னால வட்ஸ்அப் கியூ.ஆர் ஒட்டப் போறம். கிண்ணியா நானா சொன்னபடி ஐ.டி.டி பூட்டச் சொல்லி எழுதிக் குடுக்கிறன். அம்மாக்கு அண்ணாவே பெட்டியை செட் பண்ணி ஆரும் வரேக்க குடுத்து விடுறாராம்.

கடைசியா ரெண்டு கேள்வி. அந்த ரெண்டாவது ஓட்டையில இன்னொரு போன் கொழுவினா ரெண்டாவது லைனா வேலை செய்யுமா? மற்றது, 026 நம்பரிலயே வட்ஸ்அப் வைக்க ஏலும் எண்டு ஆரோ சொல்லிச்சினம், உண்மையா? மொபைல் நம்பரை ஊர் முழுக்க குடுக்க எனக்கு விருப்பமில்ல, ராவு ரெண்டு மணிக்கும் ரூம் இருக்கா எண்டு அடிக்கிறாங்க.


குளிர்நாட்டான்

ஆரும் கொண்டு வாறதெண்டா அண்ணா இங்கயே போட்டு, கதைச்சுப் பாத்து, பாஸ்வேர்ட் எல்லாம் மாத்தி அனுப்பட்டும் அக்கா. அங்க வந்த பிறகு அம்மா வீட்டு ரவுட்டரில கொழுவினா மட்டும் காணும் எண்ட நிலையில இருக்கோணும்.


வயர்மேன்_ரிங்கோ

ரெண்டாவது ஓட்டையில கொம்பனி நம்பர் ஒண்டு ஏத்தி விட்டாத்தான் வேலை செய்யும், சும்மா கொழுவினா டயல் டோன் வராது அக்கா. சிப் ட்ரங்க் எடுக்கிறதால அது உங்களுக்கு தேவையுமில்ல.

026ல வட்ஸ்அப் வைக்கலாம், உண்மைதான். வட்ஸ்அப் பிஸ்னஸ் அப்பை ரிசப்ஷன் போனில போட்டு நம்பர் கேக்கேக்க 94க்குப் பிறகு சைபர் இல்லாம 26 எண்டு தொடங்கி அடியுங்கோ. எஸ்.எம்.எஸ் அனுப்பப் பாக்கும், லேண்ட்லைனுக்கு அது வராது, கொஞ்சம் பொறுத்து கோல் பண்ணச் சொல்லுற பட்டன் வரும், அதை அழுத்த 026 அடிக்கும், எடுத்தா ஆறு இலக்கக் கோட் சொல்லும், எழுதிக்கொள்ளுங்கோ. ட்ரங்க் வந்து, வணக்கம் ரிசப்ஷனுக்கு ஒண்டை அழுத்துங்கோ எண்டு பதிவு போடுற எண்ணம் இருந்தா அதுக்கு முதலே இந்த வேலையை முடிச்சுப் போடுங்கோ, வட்ஸ்அப் மெசினுக்கு ஒண்டை அழுத்தத் தெரியாது, அது பதிவுக்கே கோட்டைச் சொல்லிட்டு வைச்சுடும்.